வட்டக்கோட்டையில் நான் வெள்ளைக்கொடி தூக்கிய விவகாரம்

மயிலாடி,
செவ்வாய்க்கிழமை.

மஸ்கட்டில் வெயிலோடும் மேனேஜரோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் என் அன்பு மைத்துனன் சகாயத்துக்கு, அத்தான் குமாரதாஸ் கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துச் சொல்லி எழுதுவது. நீ சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் குடும்ப ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறோம். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவது முறை. முறையை மீறுகிறவன் நான் இல்லை. ஆகவே, சுகம். உன் அக்காவுக்கு முட்டுவலி பரவாயில்லை, எனக்குச் சர்க்கரை பரவாயில்லை, மழை பெய்கிறது, கிணற்றில் தண்ணீர் உண்டு. சுகம் அத்தோடு முடிந்தது. நீ நாசமாய்ப் போக என்று எழுதக் கை வருகிறது. ஜெனிலாவுக்குத் தாய்மாமன் ஆயிற்றே என்று அடக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் ஏன் காகிதத்தில் எழுதுகிறார் அத்தான் என்று நீ யோசிப்பாய். என் போன் அலமாரிக்குள் இருக்கிறது. அலமாரிச் சாவி உன் அக்கா ஞானசெல்வியின் முந்தானையில் இருக்கிறது. முந்தானைப் பக்கம் போகிற தைரியம் எனக்கு இப்போது இல்லை. பக்கத்து வீட்டு வினோஜ் நாளைக்கு மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறான், அவன் கையில் முந்திரிக்கொத்துப் பொட்டலத்தோடு இதைக் கொடுத்து அனுப்புகிறேன். பலகாரத்தைப் பிரிக்கும் முன்னால் இதைப் படி. படித்தபிறகு உனக்குத் தின்ன மனசு வராது, வந்தால் நீ மனுஷனே இல்லை.

போன லீவுக்கு வந்தபோது நீ என்ன செய்தாய் என்று நினைவிருக்கிறதா? "அத்தான், ரிட்டயர் ஆகி சும்மா இருந்து அக்காகிட்ட ஏச்சு வாங்காண்டாம், இதைப் போட்டுத் தாறேன்" என்று சொல்லி நீ விளையாடுகிற அந்தக் கோட்டை விளையாட்டை என் போனிலும் ஏற்றிவிட்டுப் போனாய். அதன் பெயர் என் வாயில் நுழையாது. பூதமும் குள்ளனும் நெருப்பு கக்குகிற டிராகனுமாக ஒரு உலகம், அதில் எனக்கு ஒரு கோட்டை, அதற்கு நம்ம ஊர்ப்பாசத்தில் வட்டக்கோட்டை என்று பெயர் வைத்தேன். நான் பஸ் டிப்போவில் செக்கிங் இன்ஸ்பெக்டராகக் காலம் கழித்தவன். எனக்கு விளையாட்டு என்றால் என்ன தெரியும்? அதையும் டிப்போ மாதிரிதான் நடத்தினேன். குள்ளர்களுக்கு ஷிப்ட் போட்டேன். ஒற்றைக்கண் பூதத்துக்கு வாரம் ஒருநாள் ஓய்வு கொடுத்தேன். டிராகன் எத்தனை மணிக்குக் கிளம்பும், எத்தனை மணிக்குத் திரும்பும் என்று எல்லாம் கணக்கு. மற்றவன் கோட்டையில் படை ஆடு மேய்ந்ததுபோல் அலையும், என் கோட்டையில் வரிசையில் நிற்கும். தோற்றதே இல்லை சகாயம். கீழ்மூலையில் சரணடைவதற்கு வெள்ளைக்கொடி போட்ட பொத்தான் ஒன்று இருக்கிறதே, அது எதற்கு என்றே எனக்குத் தெரியாது, டிக்கெட் எடுக்காமல் ஏறுகிறவனுக்கு வைத்தது போலும் என்று விட்டுவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் ஜெனிலாவுக்குச் சிதறால் பக்கம் சம்பந்தம் வந்தது. பையன் எபின், கொச்சியில் கப்பல் கட்டுகிற கம்பெனியில் வேலை, நல்ல பையன், வேதம் வாசிக்கிறவன். அப்பா ஆபேல், ரப்பர் தோட்டக்காரர். அந்த மனுஷனைப் பற்றிச் சொல்கிறேன் கேள். பெண் பார்க்க வந்தபோது காப்பி நல்லாருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னார், போகும்போது வருதேன் என்றார், அவ்வளவுதான் பேச்சு. இந்த உம்மணாமூஞ்சியோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று எனக்குக் கவலை. நிச்சயதார்த்தத்தன்று எங்கள் குருவானவர் கண்ணை மூடி உருக்கமாக ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறார், என் சட்டைப் பையில் போர் எக்காளம் ஊதுகிறது. நான் பதறிப்போய் அமுக்குகிறேன், எக்காளம் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை? ஊதுவது ஆபேல் சட்டைப் பையில். இரண்டு பேரும் ஒற்றைக் கண்ணைத் திறந்து ஒருவரையொருவர் பார்த்தோம். "நிங்களுமா?" என்று கேட்டார் மனுஷன், ஆமென் சொல்வதற்குள். அன்றைக்குப் பேச ஆரம்பித்தவர் பாயசம் வரும்வரை நிறுத்தவில்லை. பூதத்துக்கு என்ன தீனி போடுகிறீர்கள், டிராகன் முட்டை எங்கே கிடைத்தது என்று ஒரே பேச்சு. உன் அக்கா சமையல்கட்டிலிருந்து எட்டிப்பார்த்து, சம்பந்தி இவ்வளவு பேசுவாரா என்று வாயைப் பிளந்தாள்.

இத்தோடு நின்றிருந்தால் நான் உனக்கு மோதிரமே போட்டிருப்பேன். நிற்கவில்லை. அந்த விளையாட்டே சமமான கோட்டைகளாகப் பார்த்து ஜோடி சேர்த்துப் பெரிய போர் ஒன்று நடத்துமல்லவா? அதில் எனக்கு எதிரி யார் என்று வந்தது? ஆபேல். அவர் சந்தோஷமாகப் போனில் விளித்தார். "சம்மந்தி, சனிக்கிழம நமக்குள்ளயாக்கும் போர், ஒரு கை பாப்போம்" என்றார். நானும் பார்ப்போம் என்றுதான் சொன்னேன். போனை வைத்துத் திரும்பினால் உன் அக்கா இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். பையன் வீட்டுக்காரரை அடிக்கப் போறியளா என்று கேட்டாள். இது விளையாட்டு என்றேன். அவள் கேட்கவில்லை. நிச்சயதார்த்த விருந்தில் முதல் பந்தியில் யார் உட்கார்ந்தார்கள், நாம் உட்கார்ந்தோமா, அவர்கள் சாப்பிட்டு எழுந்து கைகழுவின பிறகுதானே நாம் இலை போட்டோம், பந்தியில் ஒரு நியாயம் போரில் ஒரு நியாயமா என்று கேட்டாள். உனக்குப் பதில் வந்திருக்குமா? ஊருக்கெல்லாம் சட்டம் பேசினவன், வீட்டில் அவளிடம் என்றைக்காவது ஜெயித்திருக்கிறேனா?

சரி, மரியாதை மரியாதைதான் என்று நானும் நினைத்தேன். சனிக்கிழமை எக்காளம் ஊதியதும், அவர் படை வாசலுக்கு வரும் முன்னமே, வேஷ்டியைச் சரிசெய்து எழுந்து நின்று, சபையில் நிற்பதுபோல நின்று, அந்த வெள்ளைக்கொடிப் பொத்தானை அமுக்கினேன். முதல் பந்தி உங்களுக்கு, உட்காருங்கள் என்று அர்த்தம். மனசுக்கு நிறைவாகக்கூட இருந்தது. உன் அக்கா எனக்குச் சீனி போட்ட காப்பி தந்தாள், சர்க்கரைக்காரனுக்கு.

ஆனால் சரணடைந்தால் என்ன ஆகும் என்று நீ சொல்லித் தந்தாயா பாவி? நான் என்றைக்கும் சரணடையாதவன், எனக்கு எப்படித் தெரியும்? கொடி தூக்கினால் நம் ஆள் ஒருவனும் சாகமாட்டான், கோட்டையும் இடியாது. ஆனால் படை முழுக்கக் கைதியாகக் கிளம்பி ஜெயித்தவன் கோட்டைக்குப் போகும். போய்? அவன் பத்தாயத்தில் கிடக்கிற நெல்லையும் கொட்டிலில் நிற்கிற ஆடு பன்றியையும் தின்னும். விடுதலை ஆகும்வரை தின்னும். என் படை என்ன சின்னப் படையா? வரிசை குலையாமல் போய் உட்கார்ந்து தின்றிருக்கிறார்கள். ஒற்றைக்கண் பூதம் ஒன்றுக்கே ஒரு வேளைக்கு எத்தனை ஆடு என்று உனக்குத் தெரியும். ஆபேலின் பத்தாயம் துடைத்து வைத்ததுபோல் காலி. அவருடைய சொந்தப் படை பட்டினியில் கலைந்து போயிற்று, அவர் பிள்ளைபோல வளர்த்த டிராகன் சொல்லாமல் கொள்ளாமல் பறந்து போயிற்று. வெறும் கோட்டையைப் பார்த்து, பெயரை எப்படி வாசிப்பது என்றே தெரியாத எந்த நாட்டுக்காரனோ வந்து இடித்துத் தள்ளிவிட்டான், என் ஆட்கள் விடுதலையாகி வீடு திரும்பினார்கள். போதாததற்கு, சண்டையே போடாமல் கிடைத்த வெற்றி வெற்றியில் சேராது என்று பட்டியலில் அவரைக் கீழே இறக்கிவிட்டார்கள். அவரோடு விளையாடுகிற ரப்பர் வியாபாரிகள் எல்லோரும், என்ன ஆபேலு, பெண்வீட்டார் வந்து சாப்பிட்டுப் போயாச்சா என்று கேட்டிருக்கிறார்கள். மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

திங்கட்கிழமை கல்யாணச் சேலை எடுக்க நாகர்கோவிலுக்கு வருகிறதாக இருந்தவர்கள் வரவில்லை. கடை வாசலில் நானும் உன் அக்காவும் ஜெனிலாவும் வெயிலில் நின்றோம். விளித்தால், கொஞ்சம் சோலி இருக்கு, பிறகு பாப்போம் என்று சம்பந்தியம்மா சொன்னாள். பிறகு பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவனுக்குத்தான் தெரியும். வரும் ஞாயிற்றுக்கிழமை இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று இரண்டு சபையிலும் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லி வைத்திருக்கிறோம், ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

ஒரு நேந்திரன் குலையைத் தோளில் சுமந்து, மார்த்தாண்டத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் நெரிபட்டு, சிதறாலுக்குப் போனேன். என் சர்வீஸில் எத்தனையோ பஸ்ஸில் ஏறியிருக்கிறேன், இப்படி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஏறியது இல்லை. ஆபேல் முற்றத்தில் ரப்பர் ஷீட்டைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஷீட்டையும் உதறுகிற உதறலில் எனக்குப் பதில் இருந்தது. மரியாதைக்காகச் செய்தேன் சம்பந்தி, பந்தி மாதிரி என்று நினைத்துவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசி ஷீட்டையும் போட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

"பந்தியில நிங்க முதல்ல இருக்கச் சொன்னா அது மரியாத. போர்ல ஒருத்தன் எதிர வந்து நிக்கும்போ கொடியத் தூக்கினா, உங்கூட சண்ட போட எனக்கு மனசில்லன்னு பறஞ்ச மாதிரியாக்கும். என்ன நிங்க ஒரு ஆளாட்டே மதிக்கேல. கடன் வாங்கியாவது கோட்டையக் கெட்டி, படை சேக்கேன், வாற சனிக்கிழம வாங்க. பாவம் பாக்காம அடிக்கணும். அதுக்குப் பிறகு சேல எடுக்குத காரியம் பேசுவோம்."

நேந்திரன் குலையை வாங்கி உள்ளே வைத்தார், அது வரைக்கும் நல்லது. வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அக்கா ஒரு வினாடி யோசித்தாள். அவள் தீர்ப்பு என்ன தெரியுமா? சண்டை போடணும், ஆனால் தோற்கணும். கொடி தூக்காமல், சந்தேகம் வராமல், மூச்சு வாங்குகிற மாதிரி சண்டை போட்டுவிட்டுத் தோற்கணும். நடிப்பு எனக்கு வராது என்றேன். செக்கிங்குக்குப் போகும்போது தெரியாதவன்போல பஸ்ஸில் ஏறி நிற்பியளே, அது நடிப்பில்லையா என்றாள். சரியென்று நானும் ஒத்திகை பார்த்தேன். குள்ளர்களை எந்த வழியில் தவறாக அனுப்புவது, டிராகனை எங்கே தூங்க வைப்பது என்று உன் அக்காவோடு உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது, வேலைக்குப் போய்விட்டு வந்த ஜெனிலா வாசலில் பையைக் கூட இறக்காமல் நின்று கேட்டிருக்கிறாள். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அப்பா, இப்போ நீங்க அவங்களுக்கு விட்டுக்குடுத்தா, நாளைக்கு அந்த வீட்டுல நான் எல்லாத்துக்கும் விட்டுக்குடுக்கணும். பொண்ணப் பெத்தா கொடியும் கையுமாத்தான் நிக்கணுமா? ஒழுங்கா சண்டை போடுங்க. தோத்தா, உண்மையா தோத்துட்டுப் போவோம்."

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். சகாயம், கல்யாணம் பேசத் தொடங்கின நாள் முதல் நான் எத்தனை தடவை கையைக் கட்டி நின்றேன் என்று அப்போதுதான் யோசித்தேன். மண்டபம் அவர்கள் சொன்னது. தேதி அவர்கள் சொன்னது. பிரியாணியா சைவமா என்பதுகூட அவர்கள் சொன்னது. அவர்கள் ஒன்றும் அதட்டிக் கேட்கவில்லை, கேட்கும் முன்னமே நான் சரி சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. சரி மக்கா, போய் முகம் கழுவு என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து போருக்கு உட்கார்ந்தேன். என்னத்தைச் சொல்ல? ஆபேல் ரப்பர் வியாபாரிகளிடமெல்லாம் படை வாங்கிச் சேர்த்திருந்தார். கலர் கலராகக் கொடி, எவன் எவனுடைய குள்ளனோ, வாசல் நிறைய நின்றார்கள். நான் பாவம் பார்க்கவில்லை. முன்வாசலில் குள்ளர்களை நிறுத்திவிட்டு, பின்பக்கம் கடல் வழியாகப் பூதத்தை இறக்கினேன். நடுவில் கரண்ட் போய் வைபை நின்றது, ஜெனிலா ஓடிவந்து அவள் போனிலிருந்து நெட் கொடுத்தாள். உன் அக்கா அடுக்களையிலிருந்து, மெதுவா, மெதுவா, சம்பந்தியாக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடன் வாங்கின படைக்கு யார் சொல்லைக் கேட்பது என்று தெரியவில்லை, ஒருவனையொருவன் முட்டிக்கொண்டான். நான் டிராகனை விட்டேன். கிழக்குக் கோபுரம் விழுந்தது, பிறகு மதில், பிறகு அரண்மனை. மனுஷன் கடைசி ஒற்றைக் குள்ளன் மிஞ்சும்வரை கொடி தூக்கவில்லை. அந்தக் குள்ளனும் கோடாலியைப் போடவில்லை. அவனையும் அடித்தேன். ஜெயித்துவிட்டேன் என்று எக்காளம் ஊதியது.

அன்றைக்கு விளித்தேன், ஸ்விட்ச் ஆப். அடுத்த நாளும் நேற்றும் ஸ்விட்ச் ஆப். இன்றைக்கு ஜெனிலா போனிலிருந்து விளித்தாலும் ஸ்விட்ச் ஆப், சம்பந்தியம்மாவை விளிக்க எனக்கு முகம் இல்லை. எபினிடம் கேட்டால், அப்பா தோட்டமே கதி என்று கிடக்கிறாராம், யாரிடமும் ஒன்றும் பேசவில்லையாம், அவன் கொச்சியில் இருந்துகொண்டு இதற்குமேல் என்ன தெரியும் என்கிறான். ஜெனிலா தைரியமாக இருக்கிறாள், அதாவது இருக்கிறதாகக் காட்டிக்கொள்கிறாள், ராத்திரிச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோகிறாள். உன் அக்கா என் போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டிவிட்டாள், என்னோடு பேச்சும் இல்லை, தேவையானதைச் சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். பிள்ளை சொன்னபடி நின்றதற்கு எனக்குக் கிடைத்த பரிசு இது. நின்றது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்காமல் போனால், நான் அந்தப் பிள்ளையின் முகத்தில் எப்படி முழிப்பேன், சொல்லு.

ஆகவே நீ செய்ய வேண்டியது. இந்தக் கடிதம் கண்டதும் உன் பெரிய படையைக் கூட்டிக்கொண்டு ஆபேல் கோட்டைக்குப் போ. போய் நன்றாகச் சண்டை போட்டு, கொடி தூக்காமல், கண்ணியமாகத் தோற்றுக்கொடு. உனக்கு அவர் சம்பந்தி இல்லை, ஆகவே குற்றமில்லை. மனுஷன் மனசு கொஞ்சம் குளிரட்டும். பிறகு சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு, ரிட்டயர் ஆனதிலிருந்து அத்தானுக்குக் கொஞ்சம் சித்தம் கலங்கிவிட்டது, பெண்ணுக்கு ஒன்றுமில்லை, அவள் தாய்வழியில் எங்களைப் போல என்று சொல்லு. அந்த விளையாட்டை நான் இனி கையால் தொடமாட்டேன், இது சத்தியம். நீயும் இனி லீவுக்கு வரும்போது என் போன் பக்கம் வராதே. டார்ச் லைட், சோப்பு, பேரீச்சம்பழம், இவற்றோடு நிறுத்திக்கொள்.

கர்த்தர் உன்னையும் உன் கையின் பிரயாசத்தையும் ஆசீர்வதிப்பாராக. உன் வீட்டாருக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். கோபத்தில் எழுதியவற்றை மன்னிக்கத் தேவையில்லை, நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

உன் அத்தான்,
குமாரதாஸ்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது வாசலில் ஜீப் சத்தம். ஆபேலும் சம்பந்தியம்மாவும். நான் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தேன், ஜெனிலா என்னைப் பார்த்தாள், கையை இறக்கிவிட்டேன். விஷயம் இதுதான். அரண்மனை விழுந்த அதிர்ச்சியில் அவர் போன் கையிலிருந்து நழுவி, ஷீட்டுக்கு ஆசிட் ஊற்றி வைத்த ரப்பர் பால் தட்டுக்குள் விழுந்திருக்கிறது. எடுப்பதற்குள் பால் உறைந்து, போன் ஷீட்டுக்குள் இருக்கிறது. ஷீட்டையே கொண்டுவந்து காட்டினார், பொத்தான்கூட லேசாகத் தெரிகிறது. புதுப் போன் வாங்கவும் சேலை எடுக்கவும் சேர்த்து நாகர்கோவிலுக்குக் கிளம்பியிருக்கிறார்கள். கோபமா? "அடிச்சா இப்பிடி அடிக்கணும் சம்மந்தி" என்று என் முதுகில் ஒரு அடி வைத்தார், இன்னும் வலிக்கிறது. கடல் வழியாகப் பூதத்தை இறக்கினது எப்படி என்று தெரியாமல் மூன்று நாளாகத் தோட்டத்தில் உட்கார்ந்து யோசித்தாராம். உன் அக்கா அவர்களுக்கு மட்டும் இலை போட்டாள். சண்டை எல்லாருமாத்தானே போட்டோம், எல்லாரும் இருங்க என்று சொல்லி ஜெனிலாவுக்கு ஆபேலே இலை போட்டார். அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள் சகாயம், இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினாள். உன் அக்கா தானாகவே அலமாரியைத் திறந்து என் போனை எடுத்துத் தந்தாள், ஏனென்றால் ஆபேலுக்கு அவருடைய போனில் விளையாட வழியில்லை. ஆகவே மேலே எழுதின எதையும் செய்யாதே. சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று சொல்லிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை இரண்டு சபையிலும் ஓலை வாசிக்கிறார்கள். சனிக்கிழமை நானும் ஆபேலும் ஒன்றாகச் சேர்ந்து உன் கோட்டைக்கு வருகிறோம், பூதம் ஏற்கெனவே கிளம்பிவிட்டது. தாய்மாமன் என்று பாவம் பார்க்கமாட்டோம். உன் படைக்குச் சோறு போட எங்கள் பத்தாயத்தில் ஒன்றுமில்லை, ஆகவே தயவுசெய்து கொடியைத் தூக்கிவிடாதே, நின்று சண்டை போடு மக்கா.